கண்ணாயிரம் படகைத் தயார் செய்த வரலாறு

கடலூர் தேவனாம்பட்டினத்தில் புதிதாகப் படகு வாங்குகிறவன் முதலில் அம்மனைக் கும்பிட வேண்டும். அடுத்துக் கண்ணாயிரத்திடம் அகப்பட வேண்டும். முதலாவதை மறந்துபோனவர்கள் உண்டு. இரண்டாவதிலிருந்து தப்பியவர் ஒருவரும் இல்லை.

கண்ணாயிரத்துக்கு வேலை, முதுநகர்ப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில். ஐஸ் பாரை இடுக்கியால் இழுத்து வந்து நொறுக்குகிற மிஷினுக்குள் தள்ள வேண்டும். பேச்சுக்கு இடைஞ்சல் வராதபடி அந்த வேலையையும் செய்துவந்தார். உண்மையான தொழில் ஆலோசனை. அதற்குச் சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் கேட்பவர்களுக்கு இருந்த கஷ்டம். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு இன்ஜினில் உப்பைப் போக்கு என்பார். டீசலைத் துணியில் வடிகட்டாமல் டேங்கில் ஊற்றாதே, படகை வெறும் மணலில் உட்கார வைக்காதே, அடியில் கட்டை கொடு என்பார். விரிசல் கண்டால் பெயிண்ட் அடித்து மறைக்கக் கூடாது. தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, அதற்கப்புறம் ஃபைபர் ஒட்ட வேண்டும். லைஃப் ஜாக்கெட் என்பது தலைக்கு வைத்துப் படுப்பதற்கு அரசாங்கம் கொடுத்த தலையணை அல்ல. எல்லாம் பொன்னான வார்த்தைகள். ஆனால் பொன்னையும் நேரங்காலம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். தேவநாதனின் அப்பா இறந்தபோது துக்கம் கேட்கப் போனவர், பாடை கட்டியிருந்த கயிற்றை விரலால் உருட்டிப் பார்த்தார். “இந்தக் கயிறு வெயில் தாங்காது தேவநாதா, இதுக்குப் பரவால்ல, நங்கூரத்துக்கு மட்டும் கட்டிப்புடாதே” என்று அவன் காதில் சொல்லிவிட்டு, அதன் பிறகே அழ ஆரம்பித்தார்.

இவ்வளவு தெரிந்த மனிதரிடம் படகு மட்டும் இல்லை. யாராவது ஜாடையாக அதைக் குத்திக்காட்டினால், மாட்டு டாக்டர் மாடா வச்சிருக்கார் என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

இந்தப் பெருவாழ்வில் மண்ணைப் போட்டவர் அவருடைய மனைவி தைலம்மாள். காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையோடு பஸ் ஏறி, நெல்லிக்குப்பத்தில் தெருத்தெருவாக விற்கிறவள். அடுத்தவன் படகு மீனை ஏலம் கேட்டே ஆயுசு போகிறது என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றிவிட்டது. தம்பி பழனிவேலோடு கூட்டுச் சேர்ந்து, பிச்சாவரம் பக்கம் கிள்ளையில் ஒரு பழைய ஃபைபர் படகை இன்ஜினோடு பேசி முடித்தாள். பழனிவேல் சின்ன வயசிலிருந்தே பிறத்தியார் படகில் தொழிலுக்குப் போகிறவன். பேச்சு குறைவு. அதனாலேயே அவனுக்கு விஷயம் தெரியாது என்று கண்ணாயிரம் முடிவுகட்டி வைத்திருந்தார்.

முன்பணம் கொடுத்துவிட்டு வந்த அன்று தைலம்மாள் புருஷனிடம் சாசனம் போல ஒன்று சொன்னாள்.

“ஊரான் போட்டுக்கெல்லாம் சொன்னே. இப்ப நம்ம போட்டு. மாசி மகத்துக்குள்ள தண்ணியில நிக்கணும். நின்னா உன் பொறுப்பு, நீ சொல்றபடிதான் நடக்கும். நிக்கல, பழனிவேல் கையில குடுத்துடுவேன். அப்புறம் போட்டைப் பத்தி நீ வாயைத் தொறக்கக் கூடாது.”

படகு மச்சான் கைக்குப் போவதைக் கண்ணாயிரம் தாங்கிக்கொள்வார். மச்சான் நல்ல பையன். கடைசி வாக்கியத்தைத்தான் தாங்க முடியவில்லை.

மீதிப் பணம் கொடுக்குமுன் படகைப் பார்க்க மூவருமாகக் கிள்ளைக்குப் போனார்கள். கண்ணாயிரம் படகின் மூக்கான அணியம் முதல் பின்புறம் வரைக்கும், பலாப்பழம் வாங்குகிறவர் போல விரல்முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். ஃபைபர் உள்ளே பிரிந்திருந்தால் சத்தம் மாறும். அது நியாயமான சோதனைதான். விற்கிறவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். இவர் தட்டி முடிப்பதற்குள் டீ ஆறி, இன்னொரு டீ வந்து, அதுவும் ஆறியது. கடைசியில் படகு நல்ல படகு என்று தீர்ப்பாயிற்று. பழனிவேல் வந்ததுமே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னதும் அதைத்தான்.

காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடல் வழியாகவே ஊருக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றான் பழனிவேல். முழுசாகச் சோதிக்காத படகைக் கடலில் இறக்குவது சாஸ்திர விரோதம் என்றார் கண்ணாயிரம். ஆகவே கடல் படகு லாரியில் ஏறியது. புறவழிச் சாலையிலாவது போயிருக்கலாம். சிதம்பரத்தில் தெரிந்த கடையில் பெயிண்ட் வாங்க வேண்டுமென்று லாரியை ஊருக்குள் திருப்பினார். கடைத்தெருவில், எந்தக் கோயில் தெப்பத்துக்குப் போகிறது என்று விசாரித்துப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு கல்யாண மண்டப வாசலில் படகின் மூக்கு ஃபிளெக்ஸ் பேனரைக் குத்தியது. மாப்பிள்ளையின் முகம் மட்டும் கிழிந்து படகோடு வந்துவிட்டது. பெண் வீட்டார் அதைச் சகுனமாக எடுத்துக்கொள்வதற்குள் லாரியை விரட்டச் சொன்னார். கடலூரில் இறக்கியபோது, பேனர் கட்டியிருந்த இரும்புச் சட்டம் போட்ட கீறல் ஒன்று அணியத்தில் முழ நீளத்துக்கு இருந்தது. கடல் கண்ட நாளிலெல்லாம் வாங்காத காயத்தை அந்தப் படகு சிதம்பரம் கடைத்தெருவில் வாங்கிக்கொண்டது.

“நல்லவேளை, கடல் வழியா வரல” என்றார் கண்ணாயிரம். பழனிவேல் கடலைப் பார்த்துக்கொண்டான்.

தயாரிப்பு ஆரம்பமாயிற்று. ஐஸ் கம்பெனியில் பாதிநாள் லீவு போட்டுவிட்டுக் கண்ணாயிரம் படகையே சுற்றிச்சுற்றி வந்தார். கீறலைத் தேய்த்தார், காயவிட்டார், ஒட்டினார், ஒட்டியது திருப்தியில்லாமல் மறுபடியும் தேய்த்தார். உப்புக்காற்று படக் கூடாதென்று, தைலம்மாள் மீன் கட்டிக் கொடுக்க வைத்திருந்த பாலித்தீன் கவர்களை எடுத்து இன்ஜினில் நீட்டிக்கொண்டிருந்ததையெல்லாம் சுற்றிக் கட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பிரியாணி பார்சல் கட்டி வைத்தது போலிருக்கும்.

சேதி பரவியது. அவரிடம் ஆலோசனை வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். எல்லோரும் பணிவாகத்தான் வந்தார்கள். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர்கள் அவர்கள்.

ஸ்ரீதர் போன வருஷம் படகு வாங்கியவன். டேங்கை எப்போதும் ரொப்பி வையுங்க மாமா, காலியாக இருந்தால் உள்ளே வேர்த்துத் தண்ணீர் சேரும், நீங்கதானே சொன்னீங்க என்றான். அதே சாயங்காலம் தேவநாதன் வந்தான். கரையில் நிற்கிற படகில் டீசலை வைக்காதீங்க மாமா, திருட்டுப் போகும், நீங்கதானே சொன்னீங்க என்றான். இரண்டும் அவர் சொன்னவைதான்; இரண்டும் சரியானவைதான். ஒரே படகுக்கு இரண்டையும் சொல்லும் நெருக்கடி அவருக்கு வந்ததில்லை, அவ்வளவுதான். யோசித்து ஒரு வழி கண்டார். காலையில் துணி வைத்து வடிகட்டி டேங்கை ரொப்பினார். சாயங்காலம் துணி வைத்து வடிகட்டித் திரும்ப எடுத்தார். மாசி பிறந்த பிறகும் இது நடந்தது. அந்த டீசல் படகில் ஏறி இறங்கிய அளவுக்கு எந்த மீனவனும் எந்தப் படகிலும் ஏறி இறங்கியிருக்க மாட்டான்.

தைலம்மாள் பஸ்ஸுக்குப் போகும்போது ஒருதரம் படகைப் பார்ப்பாள், வரும்போது ஒருதரம் பார்ப்பாள். அந்த இரண்டு பார்வைக்கு நடுவில் கண்ணாயிரம் இளைத்துப்போனார்.

மாசி மகத்துக்கு முதல்நாள் ஊர்த் தலைவரான நாட்டார் கோவிந்தசாமி கடற்கரையைப் பார்வையிட வந்தார். சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் மறுநாள் தீர்த்தவாரிக்கு அங்கேதான் வரும். மற்றப் படகுகளெல்லாம் ஒதுங்கிவிட்டன. சாமிகள் தண்ணீருக்கு இறங்குகிற பாதையின் நட்டநடுவில், பிரியாணிப் பார்சலோடு இது ஒன்று நின்றது.

கண்ணாயிரம் கையைக் கட்டிக்கொண்டு நிலைமையை விளக்கினார். இரண்டாவது கோட்டிங் இன்னும் காயவில்லை. ரெண்டே நாள் போதும்.

“ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லி சாமிங்களுக்கு ஆளு அனுப்பவா?” என்று கேட்டார் கோவிந்தசாமி. அவர் கோபமாகக் கேட்கவில்லை. கண்ணாயிரம் கோட்டிங்கை விரலால் தொட்டுப் பார்த்தார்.

விடிந்ததும், கண்ணாயிரம் வழக்கம்போல டேங்கை ரொப்பி மூடிக் கட்டி முடிக்கையில், தள்ளுவதற்கு ஆள் சேர்ந்தது. வழக்கமாக ஒரு படகுக்கு வருகிற கூட்டமல்ல அது. கண்ணாயிரத்தின் ஆலோசனை பெற்ற தேவனாம்பட்டினமே திரண்டு வந்திருந்தது. பழனிவேல் ஏறி, இன்ஜினில் சுற்றியிருந்த கவர்களைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பின்னால் அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். “கொஞ்சம் இருங்க, இன்னும் ஒண்ணு பாக்கணும்” என்று கண்ணாயிரமும் ஏறினார். எதைப் பார்க்க ஏறினார் என்பது இன்றுவரை தெரியாது. கோவிந்தசாமி கையைக் காட்டினார். அத்தனை பேரும் ஒரே மூச்சாகத் தள்ளினார்கள். படகு மணலை விட்டுத் தண்ணீரைத் தொட்டு, அலையின் மேல் ஏறி, உள்ளே போய்விட்டது. பழனிவேல் ஹேண்டிலைச் சுற்றினான். இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

கரையில் ஒரு கூட்டம் கைதட்டியது. கண்ணாயிரம் பலகையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பொறுப்பு தம்முடையது, வாயும் தம்முடையது. மச்சானுக்கு அலையைப் பற்றி ஒன்று சொல்லலாமென்று வாயெடுத்தார். இன்ஜின் இரண்டு முறை இருமியது, நின்றுவிட்டது.

பழனிவேல் சுற்றிச்சுற்றிப் பார்த்தான். குழாயைப் பார்த்தான், டீசல் வரத்து நின்றிருந்தது. டேங்க் நிறைய டீசல் இருக்கிறது. இன்ஜினுக்கு மட்டும் வரவில்லை. கரையில் நின்று யாராவது இதைச் சொல்லிக் கேட்டிருந்தால், கண்ணாயிரம் ஐஸ் பாரைக் கீழே வைக்காமலே காரணம் சொல்லியிருப்பார். இங்கே அடியில் தண்ணீர் ஆடியது. அத்தனை வருஷம் சேர்த்த கல்வி அந்த ஆட்டத்தில் கலங்கி, ஒரு வார்த்தை மேலே வரவில்லை. படகு மெல்லப் புதுச்சேரித் திசையில் நகர்ந்தது.

“மாமா, ஃபோன் இருக்கா?” என்றான் பழனிவேல்.

ஆலோசனை கேட்டுக் கண்ணாயிரம் தம் வாழ்நாளில் ஒருவருக்கும் ஃபோன் போட்டதில்லை. ஸ்ரீதருக்குப் போட்டார். மேளச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையென்று ஸ்ரீதர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். அந்த நேரத்தில் முதல் சாமி கரைக்கு வந்து சேர, மேளம் நின்றது. அந்த அமைதியில் தேவனாம்பட்டினம் முழுவதும் கண்ணாயிரத்தின் குரலைக் கேட்டது.

“ஸ்ரீதரு, இன்ஜின் நின்னுபோச்சுப்பா. என்னா பண்ணணும்?”

அதற்குப் பின் நடந்ததை உரையாடல் என்று சொல்ல முடியாது. ஃபோன் கைக்குக் கை போனது. டீசலை வடிகட்டித்தான் ஊற்றினாயா என்று ஒருவர் கேட்டார். லைஃப் ஜாக்கெட் தலைக்கடியில் இருக்கிறதா, உடம்பில் இருக்கிறதா என்று இன்னொருவர் கேட்டார். நங்கூரக் கயிறு என்ன கயிறு என்று தேவநாதன் கேட்டான். அவன் அதைக் கேட்பதற்குப் பல வருஷமாகக் காத்திருந்தான். பின்னாலிருந்து யாரோ, கயிறு போட்டு இழுத்து வந்துவிடலாம் என்றார்கள். சாமிகள் பார்க்க, சனங்கள் பார்க்க, கயிற்றில் கட்டி இழுத்து வரப்படும் காட்சி கண்ணாயிரத்தின் கண்ணில் தெரிந்தது. அதன்பின் அவர் எந்தத் தெருவில் நின்று யாருக்கு எதைச் சொல்வது?

தைலம்மாள் வந்து ஃபோனைப் பிடுங்கினாள்.

“யோவ், என் மீன் கவரையெல்லாம் எடுத்து எங்கெங்க கட்னே?”

கண்ணாயிரம் மென்று விழுங்கினார். இன்ஜின்ல, என்றார். லைட்ல. அப்புறம் டேங்க் மூடியில.

“அதுல இருக்கிற சின்ன ஓட்டையையும் சேத்துக் கட்னியா?”

பதில் வருவதற்குள் பழனிவேல் டேங்க் மூடியிலிருந்த பாலித்தீனைக் கிழித்துவிட்டான். காற்று உள்ளே போகிற ஓட்டை அது. அடைத்துவிட்டால் டீசல் எப்படி இறங்கும்? உஸ்ஸென்று டேங்க் ஒரு பெருமூச்சு விட்டது. அதை விட நீளமாகக் கண்ணாயிரம் விட்டார். குழாயில் புகுந்திருந்த காற்றை எடுத்துவிட்டுப் பழனிவேல் ஹேண்டிலைச் சுற்றினான். படகு உயிர்பெற்று, கடலுக்குள் அரைவட்டம் போட்டு, தன் சொந்த பலத்தில் கரைக்கு வந்தது.

தைலம்மாள் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. மாசி மகத்துக்குப் படகு தண்ணீரில் நின்றது உண்மை. அதனால் பொறுப்பு போகவில்லை. ஊரே கேட்டதும் உண்மை. அதனால் பாதிதான் மிச்சம்.

“தண்ணியில அவன். கரையில நீ. கழுவறது, தொடைக்கிறது, ஒட்டுறது எல்லாம் நீயே செய்யி. செய்யத்தான் சொன்னேன். சொல்லச் சொல்லல.”

கண்ணாயிரம் பழனிவேலைப் பார்த்தார். அவன் ஏதாவது கேலி செய்வான் என்று எதிர்பார்த்தார். அவனோ, “கவர் சுத்துனதால லைட்டுக்கு ஒண்ணும் ஆவல மாமா” என்றான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை பழனிவேல் முதல் வலைக்குப் பட்டதோடு வந்து இறங்கினான். மத்தியும் காரப்பொடியுமாகக் கொஞ்சம் மீன்; தள்ளியவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கை போனது. கண்ணாயிரம் நல்ல தண்ணீர்க் குடத்தோடு தயாராக நின்றிருந்தார். தைலம்மாள் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே அவர் வாயைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. அவள் பஸ்ஸுக்குப் போனாள். பழனிவேலும் வலையை உதறப் போய்விட்டான். படகண்டை வேறு ஆள் இல்லை.

கண்ணாயிரம் செம்பில் தண்ணீரை மொண்டார். காற்று உறிஞ்சுகிற பக்கம் தண்ணி படக் கூடாது, பார்த்து ஊத்து என்றார், மெதுவாக. பார்த்து ஊற்றினார். இப்ப துணியை எடு என்றார். எடுத்தார். அழுத்தாமத் தொடை என்றார். அழுத்தாமல் துடைத்தார். இத்தனை வருஷத்தில், அவர் சொன்னதைச் சொன்னபடியே செய்கிற ஆள் ஒருவர் அவருக்கு அன்றைக்குத்தான் கிடைத்தார்.