நிரூபணம் இல்லாத வரி

மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், தகடு அழுத்தும் பிரஸ்களுக்குப் புரோகிராம் எழுதுவது என் வேலை. எங்கள் மேனேஜருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எனக்கும் அவரைக் கண்டால் ஆகாது.

புதிய பிரஸ்ஸின் பாதுகாப்புப் பகுதியை டைப் தியரி என்ற கணித முறையில் எழுதினேன். 'உள்ளே கை இருக்கும்போது பிரஸ் இறங்கக் கூடாது' என்ற நிபந்தனையையே ஒரு டைப்பாக, அதாவது புரோகிராம் பொருந்தியாக வேண்டிய வகையாக, எழுதிவிட வேண்டும். அதற்குப் பொருந்தும் புரோகிராம்தான் அதன் நிரூபணம். எல்லா நிலைமைக்கும் நிரூபணத்தைக் கட்டிக் காட்டாதவரை கம்ப்யூட்டர் ஏற்காது. ஒரு நிலைமை மட்டும் பிடிகொடுக்கவில்லை. கை உள்ளே இருக்கையில் யாராவது, நின்ற பிரஸ்ஸை மறுபடி ஓடவைக்கும் ரீசெட் பொத்தானை அமுக்கினால்?

"தப்பா எறங்கி எவனாவது பாத்தானா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார். ஆனா எறங்காதுன்னும் காட்ட முடியல."

"தப்பு காட்ட முடியலன்னா கரீட்டுன்னுதானம்மா அர்த்தம்?"

"இந்த முறையில அப்படி இல்ல சார். கட்டிக் காட்டணும்."

"உன் முறையத் தூக்கி ஏரில போடு. இன்னா பேஜாரு புடிச்ச பொண்ணும்மா நீ!"

மறுநாள் காலை வந்து பார்த்தால், நிரூபணம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரி: 'இது உண்மை என்று வைத்துக்கொள்.' என் பக்கத்து மேசைக்காரரை வைத்து மேனேஜர் எழுத வைத்திருந்தார். அப்படி எழுதிவிட்டால் அது நிரூபணம் கேட்காது; கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தது. புரோகிராமைப் பிரஸ்ஸிலும் ஏற்றிவிட்டார்கள். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர்.

நேராகப் பிரஸ்ஸுக்குப் போனேன். அதை ஓட்டுகிறவர் அப்போதுதான் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்த, தள்ளி நில்லுங்க. நான் சொன்னதும் ரீசெட்ட அமுக்குங்க."

பிரஸ்ஸை ஓடவிட்டு, நீளமான மரச்சட்டம் ஒன்றை எடுத்து, கையை உணரும் ஒளித்திரைக்குள் நீட்டினேன். பிரஸ் நின்றது. அவர் ரீசெட்டை அமுக்கினார். பிரஸ் இறங்கியது. சட்டம் இரண்டாக ஒடிந்து தெறித்தது.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். "யார கேட்டு மெஷின்ல கைய வெச்ச?"

"கை வெக்கல சார். கட்டைய வெச்சேன். கை வெச்சிருந்தா?"

"எவன் அப்புடி அமுக்கப் போறான்?"

"நான்தான் சார் இப்ப அமுக்குனேன்," என்றார் பிரஸ் ஓட்டுகிறவர். "இது சரியாவற வரைக்கும் நான் இதுல நிக்க மாட்டேன்."

கை உள்ளே இருந்தால் வேலை செய்யாதபடி ரீசெட்டை மாற்றினார்கள். அந்த வரியை அழித்துவிட்டு நிரூபணத்தை நானே முடித்தேன். அடுத்த வாரமே என்னை ஸ்டோர்ஸுக்குத் தூக்கியடித்தார் மேனேஜர். "திமிரு எறங்கட்டும்," என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

இறங்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் கம்பெனி பஸ்ஸில் செங்கல்பட்டுவரை என் பின்சீட்டில்தான் வருகிறார். ஒருநாள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.