மேன்லாக் கதவுக்கு வெளியே

காரிமங்கலத்துக்காரன் நான். ஐடிஐ ஃபிட்டர். மேற்குக் கடற்கரை நகரம் ஒன்றில் தீவுகளைப் பாலங்களாலும் சுரங்கங்களாலும் இணைத்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தில் சில வருடம் இருந்துவிட்டு, கடலுக்கடியில் சுரங்கம் தோண்டிய இடத்துக்கு மேன்லாக் ஆபரேட்டராகப் போனேன். என்னோடு வந்தவன் பென்னாகரத்துச் சின்னராசு.

1. வால்வு

மண்ணைக் குடையும் டிபிஎம் மெஷினின் முகப்பில் கட்டர் தேய்ந்தால் ஆள் போய் மாற்ற வேண்டும். கடல் தண்ணீர் புகாமலிருக்க அங்கே காற்றை அழுத்தி நிரப்பியிருப்பார்கள். அதற்குள் வேலை செய்தவனைச் சட்டென்று வெளியே விடக் கூடாது. மேன்லாக் என்கிற இரும்பு அறையில் உட்காரவைத்து, அழுத்தத்தை மெதுவாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் ரத்தத்தில் காற்றுக் குமிழி உண்டாகும். நாளாக ஆக மூட்டு எலும்பு செத்துப்போகும். அந்த அறையின் வால்வு என் பொறுப்பு.

2. புகார்

வேலை பின்தங்கியது. ஷிஃப்ட் இன்சார்ஜ் சேலத்துக்காரர். அழுத்தம் இறக்கும் நேரத்தைக் குறைக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை, கட்டர் மாற்றப் போகிறவர்களிடம் பேசினார். அவர்களுக்கும் அந்த அறை நரகம்தான். வேர்வை, பசி, கால் நீட்ட இடமில்லை. அவர்களில் ஒருவனான சின்னராசுவே ஒருநாள் அறையை விட்டு வெளியே வந்ததும் என் முன்னால் நின்றான்.

"எங்கள அடச்சி வெச்சி பாக்கறதுல உனக்கு என்னடா கெடைக்குது? மத்த ஷிஃப்ட்டுல எல்லாம் சீக்கிரமா வுடறாங்க."

எலும்பைப் பற்றிச் சொன்னேன். அவன் காலை உதறிக் காட்டிச் சிரித்தான்.

மறுநாள் இன்சார்ஜ் கூப்பிட்டார். "பசங்களே உன்ன வேணாங்கறாங்க. நான் என்னய்யா பண்ண முடியும்?"

என்னை மேலே கம்ப்ரஸர் ஷெட்டுக்கு மாற்றினார்கள். என் இடத்துக்கு வந்தவன், இன்சார்ஜ் சொன்ன நேரத்தில் திறந்துவிட்டான். எல்லாருக்கும் அவனைப் பிடித்திருந்தது.

3. இடுப்பு

ஊர் திரும்பிய பிறகு சின்னராசுவுக்கு இடுப்பு வலி தொடங்கியது. தர்மபுரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர், தொடை எலும்பின் தலை செத்துவிட்டது என்றார். குடியாலும் இப்படி வருமாம், குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். அவன் பீடிகூடத் தொட்டதில்லை. கம்பெனிக்குப் போன் செய்தேன். சுரங்க வேலையால் வந்தது என்பதற்கு ஆதாரமில்லை என்றார்கள். கடைசியில் இன்சார்ஜைப் பிடித்தேன்.

"அவனேதான சீக்கிரம் வுடச் சொன்னான்?" என்றார். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

இதைச் சின்னராசுவிடம் சொல்லியிருக்கக் கூடாது. கேட்டான், சொன்னேன். கட்டிலில் கிடந்தபடியே, "நெசந்தானே, நான்தான கேட்டேன்" என்றான். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் மனைவி வாசல்வரை என்னோடு வந்தாள். "அப்பவே வூட்டுக்கு ஒரு போன் போட்டிருந்தீங்கன்னா, நானே வந்து கூட்டிக்கிட்டு வந்திருப்பேங்கண்ணா" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

என் கையால் அந்த வால்வைத் தவறாகத் திறக்கவில்லை என்று பல நாள் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அதனால் யாருக்கு என்ன பயன்? வேறொரு கை திறந்தது, அவ்வளவுதான். புதிதாக இந்த வேலைக்குப் போகும் தம்பிகளே, மாட்டேன் என்று சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். உள்ளே போகிறவனின் வீட்டு நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவன் நம்மைத் திட்டினாலும் பரவாயில்லை, அங்கே சொல்லிவிடுங்கள்.