எட்டடி தூரத்துச் சுவிட்ச்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. என் கைபேசியில் அந்த அழைப்பின் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை. தொடங்கியது மதியம் 2.38. பேசியது ஒரு மணி பதினான்கு நிமிடம். பேய் நள்ளிரவில்தான் வரும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. இது நடந்தபோது கடைக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

நான் லேப்டாப் பழுது பார்ப்பவன். கடை எனக்கும் என் கூட்டாளிக்கும் சொந்தம். அவன் ஓயாமல் பேசுவான், நான் வாயே திறக்க மாட்டேன். அதனால் வருகிற ஆட்களை அவனும், வருகிற பழுதுகளை நானும் பார்த்துக்கொள்வோம். எனக்குச் சத்தமில்லாத நேரம் பிடிக்கும். உயிர் போன இயந்திரத்தின்மேல் காதை வைத்து, உள்ளே விசிறி சுற்றத் தொடங்கி நிற்கிற ஓசையைக் கேட்டே எது போயிற்று என்று பெரும்பாலும் சொல்லிவிடுவேன். அன்றைக்கும் என் காதைத்தான் நம்பினேன்.

அழைத்தவள் என் தங்கை. ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில், வேறோர் ஊரில் இருக்கிறாள். நான்கு நாள் முன்புதான் ஒரு மாடி அறைக்குத் தனியாகக் குடிபோயிருந்தாள். அன்று நான்கு மணிக்கு அவளுக்கு நேர்காணல். கல்லூரியில் ஆசிரியர் வேலை. இரண்டு வருடம் விண்ணப்பம் போட்டுப் போட்டுச் சலித்து, "இதுவும் இல்லேன்னா நான் வீட்டுக்கே வந்துடறேண்ணா" என்று சொல்லியிருந்தாள். அப்படி வந்துவிட்டால் அவள் மறுபடி எழுந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான்கு பேர் கேமரா வழியாகக் கேள்வி கேட்பார்கள். கைபேசியில் அந்த இணைப்பு திறக்காது. லேப்டாப்தான் வேண்டும்.

"அண்ணா, செத்துப்போச்சு."

"யாரு?"

"உன் லேப்டாப்தான். இன்னும் பத்து வருஷம் உழைக்கும்னு என் தலையில கட்டினியே, அது."

"சார்ஜர் போட்டிருக்கியா?"

"போடாம கூப்பிட நான் என்ன உன் கஸ்டமரா?"

"பக்கத்துல யார்கிட்டயாவது இரவல் வாங்கேன்."

"கீழ் வீடு பூட்டியிருக்கு. எதிர் அறை காலி. இந்தக் கட்டடத்துல இப்ப நான் ஒருத்திதான்."

கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைக்கச் சொன்னேன். பொத்தானை அமுக்கினால் வெள்ளை விளக்கு எரிகிறதாம். விசிறி இரண்டு நொடி சுற்றுகிறது, நிற்கிறது. திரை கறுப்பு. அந்த இயந்திரத்தில் பேட்டரி கிடையாது. உப்பிப்போனதால் நானே கழற்றி எறிந்துவிட்டேன். சுவரிலிருந்து வருகிற ஒயர்தான் அதற்கு உயிர். மேசை ஜன்னலோரம் இருந்தது. சுவிட்ச் கதவோரம். இடையில் எட்டடி. "ஒயர் பத்தலண்ணா, கொடி மாதிரி இழுத்துக் கட்டியிருக்கேன். குனிஞ்சுதான் போகணும்" என்றாள்.

2.51. முதல் வைத்தியம். கரண்டை நிறுத்திவிட்டு, ஸ்டார்ட் பொத்தானை முப்பது நொடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே தேங்கிய மிச்ச மின்சாரம் வடிந்துவிடும்.

"முதல்ல போய் சுவிட்சை அணை..."

நான் சொல்லி முடிக்கவில்லை. "டக்" என்று கேட்டது.

சுறுசுறுப்புதான், என்று நினைத்துக்கொண்டேன்.

"இப்ப பொத்தானை அமுக்கிக்கிட்டே சத்தமா எண்ணு."

எண்ணினாள். நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினேழு... பதினெட்டு... பத்தொன்பதில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. நன்றாக இருமினாள்.

எண்ணிக்கை நிற்கவில்லை.

இருபது... இருபத்தொன்று... தாழ்ந்த குரல். அதே வேகம். இருமலுக்கு அடியில் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இருபத்து நான்கில் அவள் குரல் வந்து அதோடு சேர்ந்துகொண்டது.

தொலைபேசியில் எதிரொலி வருவது சகஜம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இன்னும் சொல்லாத எண்ணை எதிரொலி எப்படிச் சொல்லும்? அந்தக் கேள்வி அப்போது எழவில்லை. எழாதபடி நான்தான் பார்த்துக்கொண்டேனோ என்னவோ.

3.12. பலனில்லை. அடுத்தது, திரையில் மங்கலாகவாவது ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். திரைச்சீலையை இழுத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடிக்கச் சொன்னேன்.

"ஒண்ணும் தெரியலண்ணா. என் மூஞ்சிதான் தெரியுது. பின்னாடி கதவு... கதவைச் சாத்தித்தானே வச்சேன்?"

"காத்துல திறந்திருக்கும். அதை விடு."

"காத்தே இல்லையே" என்றாள். பிறகு எழுந்து போய்ச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் ஓசை தெளிவாகக் கேட்டது.

3.36. அவள் குரல் கம்மிவிட்டது. "விடுண்ணா. எனக்குக் கொடுத்து வைக்கல."

"வாயை மூடு. இன்னும் ஒரு வழி இருக்கு."

அந்த மாடலுக்கென்று ஒரு கடைசி வைத்தியம் உண்டு. சுவர் சுவிட்ச் அணைந்திருக்கும்போதே, கீபோர்டின் இடது ஓரத்தில் இரண்டு விசைகளை ஒரு கையாலும், வலது மூலையில் ஸ்டார்ட் பொத்தானை மறு கையாலும் அமுக்கிப் பிடிக்க வேண்டும். மூன்றையும் விடாமல் பிடித்திருக்கும்போது கரண்ட் வர வேண்டும். எங்கள் கடையில் இதை நூறு முறை செய்திருக்கிறோம். நான் மூன்றையும் பிடித்துக்கொண்டு "சுவிட்ச்" என்பேன். போட்டுவிடுவான் கூட்டாளி. அன்றும் அதே பழக்கத்தில், யோசிக்காமல்...

3.44.

"மூணையும் அமுக்கிட்டியா?"

"ம். ரெண்டு கையும் மாட்டிக்கிச்சு. மூக்கு வேற அரிக்குது."

"விட்டுடாதே. சுவிட்ச்."

நாற்காலி நகரவில்லை. காலடி கேட்கவில்லை.

"டக்."

"போட்டாச்சு."

விசிறி சுற்றியது. நிற்காமல் சுற்றியது. ஒரு நீண்ட "பீப்". அவள் போட்ட கூச்சலில் என் காதே அடைத்துவிட்டது.

3.49. வெளியே போயிருந்த கூட்டாளி உள்ளே வந்தான். "என்னய்யா, தங்கச்சி மெஷின் எந்திரிச்சுதா?"

"எந்திரிச்சுடுச்சு. மூணு பட்டன் வைத்தியம்."

"அட! கூட யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"அப்ப சுவிட்ச் யாரு போட்டா?"

"அவதான்."

"எந்தக் கையால, மூணாவது கையாலயா?" என்று சிரித்தான். மேசைமேல் இருந்த ஒரு லேப்டாப்பில் இரண்டு கைகளையும் வைத்துப் பார்த்தான். அப்படியே தலையைத் திருப்பிச் சுவரிலிருந்த சுவிட்சைப் பார்த்தான்.

சிரிப்பு நின்றது.

கைபேசியை எடுத்தேன். "நீ முதல்ல வெளியே வா. உடனே வா."

"என்னண்ணா உளர்றே? உள்ளே போயிட்டேன், பேர் கேக்கறாங்க. போனை அணைக்கணுமாம், வச்சுடறேன்."

"இரு, நான் சொல்றதை..."

அவள் அணைப்பதற்கு முன்னால் இன்னோர் ஓசை கேட்டது.

தாழ்ப்பாள். மெதுவாக... மிக மெதுவாகத் திறக்கும் ஓசை.

3.52.

மறுபடி அழைத்தேன். அணைந்திருந்தது.

மறுபடி.

மறுபடி.

வீட்டுக்காரர் எண் என்னிடம் இல்லை. அந்தத் தெருவில் எனக்கு யாரையும் தெரியாது. அவளை உள்ளே உட்காரவைத்ததே நான்தான். இப்போது எழுப்ப வழியில்லை. வழி இருந்திருந்தால்தான் எழுப்பியிருப்பேனா? இரண்டு வருடக் காத்திருப்பைப் பாதியில் கலைத்திருப்பேனா? இன்றுவரை எனக்கு விடை தெரியாது.

என் கூட்டாளி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். எப்போதும் எனக்குப் பிடித்த அந்த அமைதி அன்று பிடிக்கவில்லை.

4.20... 4.35...

4.47க்கு அவளே அழைத்தாள்.

"அண்ணா! பிரமாதம்! படிக்காத கேள்விக்குக்கூட பதில் தானா வாய்ல வந்துச்சு. நடுவுல ரெண்டு தடவை மட்டும் சத்தம் நின்னுடுச்சு. நாலு பேரும் வாயை வாயை அசைச்சாங்க. அப்புறம் சரியாயிடுச்சு."

"கீழே இறங்கி ரோட்டுக்கு வா."

"ஏன்?"

"வான்னா வா."

படிகளில் இறங்கினாள். வண்டிச் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தேன்.

"அந்தச் சுவிட்சை யாரு போட்டா?"

"நான் கையை எடுக்கவே இல்லையே... 'போட்டாச்சு'ன்னு நீதானே சொன்னே?"

"நான் சொல்லல."

அவள் மறுபடி மாடி ஏறவில்லை. அன்றிரவு ஒரு தோழி வீட்டில் தங்கினாள். மறுநாள் நானும் கூட்டாளியும் போய்ச் சாமான்களை ஏற்றி வந்தோம். வெறும் அறை. வெள்ளைச் சுவர். ஒன்றுமில்லை.

ஆறாம் நாள் கல்லூரியிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. படித்துவிட்டு எனக்கு அனுப்பினாள். வேலை இல்லை என்று எழுதியிருந்தார்கள். காரணமும் சொல்லியிருந்தார்கள். அதை அப்படியே தருகிறேன்.

"நேர்காணல் நேரம் முழுவதும் தங்கள் வலப்பக்கம் மற்றொரு பெண் அமர்ந்திருந்ததை நாங்கள் நால்வரும் கண்டோம். பல கேள்விகளுக்கு அவர் தங்கள் காதில் கூறிய பின்னரே தாங்கள் விடையளித்தீர்கள். அறையை விட்டு வெளியேறுமாறு அவரை இருமுறை கேட்டுக்கொண்டோம். முதல் முறை அவர் பதில் கூறவில்லை. இரண்டாம் முறை, 'நான் இங்கேயே இருப்பவள், இவள்தான் புதிதாக வந்தவள்' என்றார்."