இரண்டு விரல் வைன்

மகள் வயிற்றில் மூன்று மாதமாக இருந்தபோது கிறிஸ்துமஸ் வந்தது. போடியில் ஒரு பெண் மருத்துவரின் கிளினிக்கில் அப்போது நான் நர்ஸாக இருந்தேன். கணவருக்கு பூப்பாறைக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. திங்கள் காலை மலையேறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். அந்தச் சனிக்கிழமை அவர் பையில் துணி சுற்றிய ஒரு பாட்டில் இருந்தது. தோட்டத்தை அடுத்த வீட்டிலிருக்கும் மலையாளி அம்மா கொடுத்தனுப்பியது. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவர் பரணி என்கிற பீங்கான் ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் போட்டு மூடிவைத்து, கிராம்பு, ஏலம் சேர்த்து வைன் செய்வார். எனக்கு ரத்தம் குறைவு என்று மட்டும் கணவர் அவரிடம் சொல்லியிருந்தார். கர்ப்பம் என்பதை நாங்கள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

"ரத்தம் உண்டாகும், கொறச்சு குடிச்சா மதின்னு சொன்னாங்க. கொஞ்சம் குடிச்சாப் போதுமாம்" என்றார் கணவர். பிறகு பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இந்த நேரத்துல இத நீ குடிக்கலாமா?" என்று கேட்டார்.

"நர்ஸு நானா நீங்களா?" என்றேன்.

அவர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் அந்தப் பேச்சை நினைத்தால் காது சுடுகிறது. எனக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. படிக்கும்போது, கர்ப்பிணிகள் மது அருந்தக்கூடாது என்று ஒரு வரி பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் மது என்றால் என் மனதில் இருந்தது கடையில் ஆண்கள் வரிசையில் நின்று வாங்குவது. இது திராட்சை. வீட்டில் ஒரு அம்மா செய்தது. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் எனக்குக் குமட்டும், வயிறு கட்டிக்கொள்ளும். இது இனிப்பாக இறங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எவர்சில்வர் டம்ளரில் இரண்டு விரல் அளவு. குடித்தால் வாந்தி அடங்கியது போலிருந்தது, கொஞ்சம் கண்ணயர முடிந்தது. முதலில் லீவு நாளில் மட்டும் குடித்தேன். பிறகு வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள். ஜனவரிக் கடைசியில் பாட்டில் காலியானதும், விருந்தாளி வருகிறார்கள் என்று கணவரிடம் பொய் சொல்லி இன்னொரு பாட்டில் கேட்கச் சொன்னேன். பொய் சொல்லித்தான் வாங்க வேண்டும் என்பது எனக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஏன் என்று மட்டும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு மருத்துவம் பார்த்ததும் எங்கள் மேடம்தான். முதல் முறை என் அட்டையை நிரப்பும்போது, மது, புகையிலை என்ற இடத்தில் அவர் என்னைக் கேட்கவே இல்லை. அவராகவே 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாதத்தில் இரண்டு புதன்கிழமை போடிமெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் மேடம் இலவச முகாம் நடத்தினார். ஏலக்காயைத் தரம்பிரிக்கும் பழைய கொட்டகையில்தான் முகாம். உள்ளே ஒரு தடுப்புக்குப் பின்னால் மேடம் பார்ப்பார். வெளியே நான் எடையும் பிரஷரும் பார்த்து அட்டையில் எழுதி அனுப்புவேன். பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, வரிசையில் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். தோட்டத்து லயத்திலேயே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருப்பவள், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கையில் பிரஷர் பட்டையைச் சுற்றக் குனிந்தபோது அவள் மேல் சாராய வாடை அடித்தது.

"குடிச்சிருக்கியா?"

அவள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். "நேத்து சாயங்காலம் சிஸ்டர். கொஞ்சந்தான்."

"கொஞ்சமா?"

"களையெடுத்துட்டு வந்தா இடுப்பு நிக்க விடல. அவரு வச்சிருந்தாரு. ரெண்டு மடக்கு ஊத்திக்கிட்டுப் படுத்தேன்."

நான் தாழ்ந்த குரலில் கேட்டிருக்கலாம், உள்ளே அழைத்துப்போய் மேடத்திடம் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. எழுந்து நின்றுகொண்டேன். "கொஞ்சம்னு ஒண்ணு கெடையாது. குடிகாரிக்கெல்லாம் எதுக்குப் புள்ள?" என்று கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெம்பாக இருந்தது. அதனால் இன்னும் பேசினேன். அவள் அட்டையில் சிவப்பு மையால் எழுதி அடிக்கோடு போட்டேன். அவள் அட்டையை வாங்கி, எழுதியிருந்த பக்கம் உள்ளே போகும்படி மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். மேடத்தைப் பார்க்கவில்லை. மேடம் ஒரு குழந்தையின் அழுகையோடு போராடிக்கொண்டிருந்தார், அவர் காதில் இது விழவில்லை.

ஜீப் வளைவுகளில் இறங்கி போடிக்கு வர மூன்று மணியாயிற்று. வீட்டுக்கு வந்து குளித்தேன், சாப்பிட்டேன், டம்ளரில் இரண்டு விரல் ஊற்றிக் குடித்தேன். அப்போதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பிற்பாடு நான் வெட்கப்பட்டது குடித்ததற்காக மட்டுமில்லை. அன்றைக்கு அது அவ்வளவு இயல்பாக உள்ளே இறங்கியதற்காகவும்தான்.

அடுத்த முகாமுக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. அவள் லயத்துப் பெண் ஒருத்தியிடம் கேட்டேன்.

"நீங்க ஏசுனதுல இருந்து வரமாட்டேங்குறா சிஸ்டர். கூப்புட்டுப் பாத்தோம்."

"வராட்டி அவளுக்குத்தான் நஷ்டம்" என்றேன்.

மார்ச் மாதம் ராசிங்காபுரத்திலிருந்து ஒரு பெண் கிளினிக்குக்கு வந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, வளைகாப்புக்காக ஊருக்கு வந்திருந்தாள். நான் அவள் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, கூச்சமில்லாமல் மேடத்தைக் கேட்டாள்.

"மேடம், எப்பவாவது ஒரு சின்ன கிளாஸ் வைன் குடிக்கலாமா? நெட்ல சிலர் தப்பில்லைங்கறாங்க, சிலர் கூடாதுங்கறாங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "வைனோ பிராந்தியோ, உள்ள இருக்குற ஆல்கஹால் ஒண்ணுதாம்மா. உன் ரத்தத்துல கலந்தது கொடி வழியா குழந்தைக்கும் போகும். அத முறிச்சு வெளியேத்துற பக்குவம் குழந்தையோட ஈரலுக்கு இன்னும் வரல. இவ்வளவு வரைக்கும் குடிச்சா பயமில்லன்னு அளவு சொல்ல இதுவரைக்கும் யாராலயும் முடியல. மூளை ஒன்பது மாசமும் வளருது, அதனால இந்த மாசம் ஆபத்து, அந்த மாசம் பரவாயில்லன்னும் சொல்ல முடியாது. சுத்தமா வேண்டாம். அதுதான் என் பதில்."

"தெரியறதுக்கு முன்னாடி ஒரு பார்ட்டில ஒரு கிளாஸ் குடிச்சேன் மேடம்."

"அதையே நெனச்சுப் பயந்துக்கிட்டு இருக்காத. அதனால பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. இனிமே தொடாம இருந்தா போதும். எப்ப நிறுத்தினாலும் நல்லதுதான்."

நான் பட்டைக்குக் காற்று அடிக்க அடிக்க, அந்தப் பெண் "வலிக்குது சிஸ்டர்" என்றாள். அளவுக்கு மேல் அடித்திருந்தேன். காற்றை இறக்கிவிட்டு மறுபடி எடுத்தேன். என்ன எண் வந்தது என்று கவனிக்க முடியவில்லை, மூன்றாவது தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

மத்தியானம் வீட்டுக்குப் போய், மிச்சமிருந்ததைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினேன். ஊற்றும்போது என் கணக்கு ஓடியது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பாதி. எத்தனை டம்ளர் என்று எண்ண முயன்று பாதியில் விட்டேன். மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள், கிளினிக்கில் கூட்டம் குறைந்ததும் மேடத்தின் அறைக்கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். என் அட்டையைக் காட்டி, "நீங்க இங்க இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அது தப்பு" என்றுதான் ஆரம்பிக்க முடிந்தது.

அவர் முழுவதையும் கேட்டார். எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள், கடைசியாக எப்போது என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

"வீட்ல செஞ்ச வைன்ல எவ்வளவு ஆல்கஹால்னு நமக்குத் தெரியாது. கடை வைனைவிடக் கம்மியாவும் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். ஒண்ணும் ஆகாம இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா ஒண்ணுமே ஆகாதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. ஸ்கேன் நல்லா இருந்தாலும் அதுல எல்லாம் தெரியாது. நீ நிறுத்திட்ட. இரும்புச்சத்துக்கு வேற மாத்திரை மாத்தித் தர்றேன்." பிறகு, "உன்கிட்ட கேக்காம எழுதுனது என் தப்பு" என்றார்.

அவர் குரலே உயரவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் அழுதுவிட்டு எழுந்து போயிருப்பேன். திட்டாததால்தான் சிவப்பு மையும், அந்தக் கொட்டகையும், பின்னால் கேட்ட சிரிப்பும் நினைவுக்கு வந்தன. அதையும் சொன்னேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

"அந்தப் பொண்ணு எத்தன முகாமா வரல?"

"மூணு."

"அடுத்த புதன்கிழமை அவ வீட்டுக்கு நீயே போ" என்றார்.

போனேன். எனக்கும் அப்போது வயிறு நன்றாகத் தெரிந்தது. லயத்து வாசலில் உட்கார்ந்து அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறி, கால் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானும் படியில் உட்கார்ந்தேன். அன்று அப்படிப் பேசியது தப்பு என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நானும் குடிச்சேன். வைனு. அன்னைக்கு ஒன்னய ஏசிட்டுப் போயும் குடிச்சேன்" என்றேன்.

அவள் உரிப்பதை நிறுத்தினாள். "ஒங்கள யாரு ஏசுனா?"

"யாரும் ஏசல."

"சரி" என்றாள். வேறு ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். அதை உரித்துக்கொண்டே, "நீங்க சொன்ன அன்னைக்கே அத விட்டுட்டேன் சிஸ்டர். அதுல தப்பில்ல, நல்லதுதான் சொன்னீங்க. ஆனா ஒங்க பக்கம் வர்றதையும் சேத்து விட்டுட்டேன். மாத்திர வாங்கப் போனாக்கூட அந்த அட்டைய நீட்டணும்ல?" என்றாள்.

அவளைக் கையோடு முகாமுக்கு அழைத்துப் போனேன். அவளுக்குப் புது அட்டை எழுதினோம். மேடம் பரிசோதித்து, ரத்தம் மிகவும் குறைந்திருக்கிறது, பிரஷரும் ஏறியிருக்கிறது என்றார். ஏறக்குறைய இரண்டு மாதம் அவள் மாத்திரை இல்லாமல் மண்வெட்டி பிடித்திருந்தாள். அன்றைக்கே தேனி அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். நானும் கூடப் போனேன். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூன் மாதம் இரண்டு பேருக்கும் பிரசவம் ஆயிற்று. அவளுக்குத்தான் முதலில். நிறைய ரத்தம் போய், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பையன் எடை குறைவாகப் பிறந்து ஒரு வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். பிழைத்துக்கொண்டான். ரெண்டு மடக்குச் சாராயத்தால் எடை குறைந்ததா, நான் அவளை விரட்டியதால் குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. என் பங்கு எதுவென்று எனக்குத் தெரியும்.

என் மகள் நல்ல எடையோடு பிறந்தாள். ஆனால் முதல் மூன்று வருஷம் நான் நிம்மதியாக இல்லை. மது பாதித்த சில பிள்ளைகளுக்கு முகத்தில் அடையாளம் இருக்கும் என்று படித்திருந்ததால், பேச்சு வரக் கொஞ்சம் தாமதமானபோது அவள் மூக்கையும் மேலுதட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். கணவர் ஒருநாள், "புள்ளைய ஏன் இப்படிப் பாக்குற?" என்று கேட்டார். அப்போதுதான் அவரிடம் முழுவதும் சொன்னேன். "அன்னைக்கு நான் கேட்டேனே" என்று அவர் சொல்லவில்லை. அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தது. இப்போது மகள் யூகேஜி படிக்கிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். வகுப்பில் கவனம் சிதறுகிறது என்று டீச்சர் சொன்னால், எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தானே என்று தலையாட்டிவிட்டு வருவேன். வீடு வந்துசேரும் வரை அந்த டம்ளர்களை மறுபடி எண்ணிக்கொண்டே இருப்பேன்.

முகாமில், குடிப்பதுண்டா என்ற கேள்வியைத் தடுப்புக்கு உள்ளே வைத்துத்தான் இப்போது கேட்கிறோம். கர்ப்பம் என்று வரும் யாராயிருந்தாலும், டீச்சரானாலும் மேஸ்திரி மனைவியானாலும், ஒரே மாதிரி கேட்கிறேன். சிலர் உண்மையைச் சொல்கிறார்கள்.

போன மாதம் போடி பஸ் ஸ்டாண்டில், அன்றைக்கு நான் ஏசிய அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பையன் கையில் சிப்ஸ் பாக்கெட். ஒல்லியாக இருந்தான், ஆனால் நின்ற இடத்தில் நிற்கவில்லை. "நல்லாருக்கீங்களா சிஸ்டர்?" என்றாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். பையனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறாள் என்று கேட்க வாயெடுத்தேன். "ஜீப்பு கெளம்பிரும்" என்று சொல்லி, அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெரசாக நடந்துவிட்டாள்.