கருணை என்று பெயர் வைத்தார்கள்

என் அண்ணன் கொசு அடிக்க மாட்டான். தியான முகாமுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அப்படி. பெங்களூருவில் கம்ப்யூட்டர் வேலை. உச்சிப்புளிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தால், என் கையில் இருக்கும் கொசு பேட்டைப் பிடுங்கி அலமாரிக்கு மேல் வைத்துவிடுவான். "அதுவும் ஒரு உயிர்தானே" என்பான். மண்டபத்திலிருந்து வரும் மீன்கார அக்கா வாசலில் நின்று குரல் கொடுத்தால், "இன்னைக்கு வேணாம்க்கா" என்று என்னைக் கேட்காமலே அனுப்பிவிடுவான். புத்தர் சொன்ன பஞ்ச சீலம் எடுத்துக்கொண்டவனாம். அதில் முதல் சீலமே உயிர்க்கொலை செய்யாமை. இந்த ஆள்தான் எங்களைப் பெற்ற அய்யாவைக் குளிப்பாட்டிவிடலாம் என்று சொன்னான்.

குளிப்பாட்டுவது என்றால் என்ன என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எழுந்திருக்க முடியாமல் கிடக்கும் வயசாளிக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுப்பார்கள். அந்த உடம்பு அதைத் தாங்காது என்று தெரிந்தேதான் கொடுப்பார்கள். ஊருக்கே தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கொலை என்று ஒருத்தரும் சொல்வதில்லை. "அனுப்பி வச்சோம்" என்பார்கள், ஏதோ பஸ் ஏற்றிவிட்ட மாதிரி.

அய்யாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அம்மா உயிரோடு இல்லை. முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு பிளவுஸ் தைத்துக்கொண்டே நான்தான் அவரைப் பார்த்துக்கொள்கிறேன். லேசான வேலை என்று பொய் சொல்ல மாட்டேன். முதுகுப் புண்ணைத் துடைக்கும்போது அவர் முகம் போகும் போக்கைப் பார்த்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ராமநாதபுரத்து டாக்டர், "பழையபடி ஆக மாட்டாரும்மா, ஆனா உயிருக்கு இப்போ ஒண்ணும் இல்ல" என்றார். அய்யா சாகப்போகிறவர் இல்லை. அடுப்பில் காரல் மீன் சாறு கொதிக்கும் வாசனைக்கே வாயைத் திறப்பவர். நேவி ஹெலிகாப்டர் வீட்டுக்கு மேல் போனால் சத்தம் போகும் திசைக்கெல்லாம் கண்ணைத் திருப்புவார். பிளவுஸ் அளவு சரியில்லை என்று யாராவது வந்து என்னோடு மல்லுக்கட்டினால் அவருக்குச் சிரிப்பு வரும். வாயின் இடது ஓரம் மட்டும் மேலே ஏறும்.

அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை வந்தான். அய்யாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அப்பனைத் தொட்டுப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு எழுந்து என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"எல்லாம் அனிச்சா, பிள்ள. எதுவும் நெலச்சு நிக்காது. நீ அய்யாவப் போக விடாம பிடிச்சு வச்சிருக்க. அதுக்குப் பேருதான் பற்று. துக்கத்துக்கு வேரே அதுதேன்."

"பீத்துணி அலசுறதுக்குப் பேரு பற்றா?" என்றேன்.

அவன் சிரித்தான். முகாமில் துணிமணியோடு சேர்த்து அந்தச் சிரிப்பையும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள் போல. என்ன சொன்னாலும் கலையாது. சித்தப்பாவிடம் பேசிவிட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வருவார்கள் என்றும் சொன்னான். "இது கருணை. அவக படுற வேதனைய முடிச்சு வைக்கிறோம், அவ்வளவுதேன்."

என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன்.

"யாரு வேதனைய? அய்யாட்ட கேட்டியா?"

"அவகளுக்குத்தான் பேச்சு இல்லயே."

"தலைய ஆட்டுவாகள்ல. போயி, அய்யா ஒங்களக் கொல்லட்டுமாண்டு கேட்டுட்டு வா."

"கொல்றதுண்டு ஏன் சொல்ற?" என்றான். முகம் சுளித்தது அப்போதுதான். கொலை அவனுக்குச் சங்கடமாக இல்லை, அந்தச் சொல்தான் சங்கடமாக இருந்தது.

அவன் கொண்டுவந்திருந்த பௌத்தப் புத்தகம் மேஜை மேல் கிடந்தது. அன்று மத்தியானம் பிளவுஸை ஓரம் கட்டிவிட்டுப் படித்தேன். அவன் பென்சிலால் கோடு போட்டிருந்த இடங்களுக்கு இரண்டு பக்கம் தள்ளி, கோடு போடாத இடங்களில்தான் விஷயம் இருந்தது. செய்கிற செயலுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம்தான் வினை என்று இருந்தது. உபேக்கை என்றால் மனம் சமமாக நிற்பது, அதற்கும் எனக்கென்ன என்று இருப்பதற்கும் பார்க்க ஒரே முகச்சாயல், ஏமாறாதே என்று இருந்தது. புத்தர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் சொன்னதை எடுத்து ஊரில் ஏற்கெனவே இருந்த ஒரு அழுக்குக்கு உறை தைத்துப் போட்டானே என் அண்ணன், அதுதான் ஆறவில்லை. சித்தப்பாவாவது போனில், "முடிச்சிரலாம்த்தா, எத்தன நாளைக்குத்தேன் பாப்ப" என்றார். அதில் அனிச்சா, உபேக்கை என்று பாலி மொழிக் கலப்பு எதுவும் இல்லை.

நான் யாரையும் கட்டிப்போட்டு உயிரை நிறுத்தி வைக்கச் சொல்கிறவள் இல்லை. நாளைக்கு அய்யாவுக்கு மூச்சு இழுக்கும்போது, குழாயைப் போடாதீர்கள், நிம்மதியாகப் போகட்டும் என்று ஆஸ்பத்திரியில் நானே சொல்வேன். போகிற உயிரை விடுவது வேறு, இருக்கிற உயிரைத் தள்ளிவிடுவது வேறு. இந்த வித்தியாசம் மீன்கார அக்காவுக்குத் தெரிகிறது, கண்ணை மூடி மணிக்கணக்கில் உட்காருகிறவனுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். விசேஷ வீட்டுக்கு வருகிற மாதிரி துவைத்த வேட்டியும் சேலையுமாக வந்தார்கள். அத்தை அய்யாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "மகராசனாப் போயிட்டு வாங்கண்ணே" என்று மூக்கைச் சிந்தினார். இன்னொருத்தி கேட்காமலே என் அடுப்படிக்குள் போய் எண்ணெயைச் சூடு பண்ணினாள். சித்தப்பா ஒரு குலை இளநீரைக் கொண்டுவந்து கட்டிலுக்கு நேர் எதிரே, அய்யாவின் கண்ணில் படுகிற இடத்தில் இறக்கி வைத்தார். படுத்துக் கிடப்பவருக்கு ஒன்றும் விளங்காது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

அந்த வீட்டில் அய்யாவைவிட யாருக்கு அது நன்றாக விளங்கும்? அவருடைய அய்யாவை, என் தாத்தாவை, அனுப்பி வைத்த அன்று மரமேறிக் காய் வெட்டியவர் அவர்தான். எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்த காலத்தில், வயலிலிருந்து வரும் வழியில், கேட்காமலே சொன்னார். "அன்னைக்கு வெட்டுனதுதேன், அதுக்குப் பெறகு நா எளநி குடிச்சதில்ல" என்றார். சித்திரை வெயிலில் நாக்கு வறண்டு வந்தாலும் குடித்ததில்லை.

குலையைப் பார்த்ததும் அவருடைய இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது. கண் ஒவ்வொரு முகமாகப் போனது. தம்பி, தங்கச்சி, மகன். கடைசியில் என்னிடம் வந்து நின்றது. அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

குலையைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். எண்ணெய்ச் சட்டியையும் கொண்டுபோய்க் கவிழ்த்தேன். போனைக் கையில் எடுத்து, போலீஸைக் கூப்பிடுவேன் என்றேன்.

"ஏத்தா, நம்ம வழக்கந்தானத்தா" என்றார் சித்தப்பா.

"ஒங்களுக்கு முடியாமப் போறப்ப ஒங்க வீட்ல வச்சுக்கங்க இந்த வழக்கத்த."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அண்ணன் மட்டும் அதே மெல்லிய குரலில், "கோவம் ஒரு நஞ்சு, பிள்ள. ஒன்னயவே அழிச்சிரும்" என்றான்.

"நஞ்சாவே இருக்கட்டும். ஒன் கருணையத் தூக்கிக்கிட்டு மொதல்ல கெளம்பு."

போய்விட்டார்கள். அத்தை தெருவில் நின்று என்னைப் பிடாரி என்றது கேட்டது. அண்ணன் இப்போதும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலையில் தாமரைப் படம் போட்டு, எல்லா உயிர்களும் இன்பமாக இருக்கட்டும் என்று அனுப்புகிறான். பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கால் வரை எரிகிறது. எரியட்டும். அன்றைக்கு நான் அவனைப் போல அமைதியாக இருந்திருந்தால் அய்யா இன்று இல்லை.

அன்று அவர்கள் போனதும் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அய்யாவின் நெற்றியைத் துடைத்துவிட்டு, கஞ்சி கரைத்துக் கொண்டுவந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். களைப்பு என்று நினைத்து, காரல் சாற்றைச் சுட வைத்துக் கொண்டுவந்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வெறும் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தேன். அதற்கும் வாய் திறக்கவில்லை. கண் மட்டும் டம்ளரைப் பார்த்தது, பிறகு அதைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தது.

என் கையையும் அவர் நம்பவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் பார்க்கும்படி அந்தத் தண்ணீரில் ஒரு வாய் குடித்தேன். என் தொண்டையில் அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

மாதங்கள் ஆகிவிட்டன. நான் முதலில் குடித்து விழுங்கிக் காட்டாமல் அய்யா இன்னும் என் கையால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.