உப்பளத்தில் ஒரு போர்ச்சுகீசியக் கேள்வி

மரக்காணம், 2005.

உப்பளத்தை ஒட்டிய சாலையில் சென்னை பஸ்ஸுக்கு நிற்கிறேன். நாளை லிஸ்பனுக்கு விமானம். அங்கே வேலை இருக்கிறது, தெரிந்தவர் யாருமில்லை. ஆனாலும் வாரக்கணக்கில் பழகிய வாக்கியத்தையே வாய் முணுமுணுக்கிறது: "ஆஷ் சேய்ஷ், போட் சேர்?"

உப்புக் கூடையை இறக்கிவைத்த பெண் திரும்பிப் பார்க்கிறார்.

"என்னாங்க, மந்திரமா?"

"போர்ச்சுகீசு பாஷைங்க. ஆறு மணிக்குப் பாக்கலாமான்னு கேக்குறது."

"ஆறு மணிக்கா? அப்ப பாதி உப்ப வாரி முடிச்சிருப்போம். வெயிலுக்கு முன்ன வேலைய முடிக்கணுமில்ல. நாளைக்கு விடியக்காலம் நாலுக்கு வாங்க, டீ குடிச்சிட்டுதான் எறங்குவோம்."

என் கேள்விக்கு முதன்முறையாக ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார்.

"சரிங்க" என்கிறேன்.

பஸ் வந்து நிற்கிறது. படியில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து அவர் குரல் கேட்கிறது.

"நாலுங்க. மறந்துடாதீங்க."