நடுக்கம் தாங்கும் பொத்தான்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் காரின் முன்சீட்டில் அப்பாவின் லென்ஸ்தான் உட்கார்ந்து வரும். அதற்கு சீட் பெல்ட்டும் உண்டு. நான் பின்சீட்டில். அம்மா இறந்த மறுவருடம் அப்பா அதை வாங்கினார். கேமராவில் மாட்டினால் ஐந்து கிலோ கனக்கும். சனிக்கிழமை மதியம் கோயம்புத்தூரில் பட்டறையைப் பூட்டியதும் என்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டு வால்பாறைக்குக் கிளம்பிவிடுவார். பள்ளி விடுமுறையில் மட்டும் எனக்கும் இடம் கிடைக்கும்.

மலையில் பேசக்கூடாது. "சத்தம் போடாத கண்ணு, பறந்துரும்" என்பார். அந்த வருடம் அவர் என்னிடம் நீளமாகப் பேசியது ஒரே ஒருமுறைதான். லென்ஸின் பக்கவாட்டில் இருந்த சிறிய பொத்தானைக் காட்டி, "இதைப் போட்டுவெச்சா நம்ம கை ஆடறதை லென்ஸே தாங்கிக்கும் கண்ணு. இல்லீன்னா படமெல்லாம் கலங்கிப்போகும்" என்றார்.

ஆண் இருவாச்சிப் பறவை மரப்பொந்துக்குள் இருக்கும் தன் ஜோடிக்குப் பழம் ஊட்டுவதைப் படமெடுக்க அவர் மாதக்கணக்காகக் காத்திருந்தார். அந்த விடுமுறையில் ஒருநாள் விடிகாலை, எஸ்டேட் வாட்ச்மேன் ஓடிவந்து, "ஏனுங்க, வந்திருச்சுங்க" என்றார். அப்பா ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். லென்ஸ் என் பக்கத்தில் இருந்தது. படம் கெட்டுப்போனால் இங்கே வருவதை நிறுத்திவிடுவார், சனிக்கிழமைகளில் வீட்டில் இருப்பார். அவ்வளவுதான் என் யோசனை. பொத்தானைக் கீழே தள்ளி அணைத்துவிட்டேன்.

சரிவில் கேமராவின் முக்காலி நிற்கவில்லை. மர நிழலில் வெளிச்சமும் குறைவு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையில் ஏந்தியே எடுத்தார். பறவை போன பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேமராவின் திரையில் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் அலகு கலங்கி, அதற்கு இரண்டு விளிம்பு இருந்தது. எழுந்துபோய் முகம் கழுவினார். எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் திரும்புவதற்குள் பொத்தானை மேலே ஏற்றிவிட்டேன்.

வந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தார். "போட்டுத்தான் இருக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு வாட்ச்மேனிடம் மெதுவாக, "எங்கப்பனுக்கும் நாப்பது வயசுலதானுங்க கை ஆட ஆரம்பிச்சுது. கடைசியில சோத்தைக்கூட ஊட்டிவிட வேண்டியதாப் போச்சு" என்றார். வாட்ச்மேன் அவருக்கு இன்னொரு டீ வாங்கிவந்தார்.

அப்பா லென்ஸை விற்கப்போவதாகச் சொல்லிவைக்க, மறுவாரமே ஈரோட்டிலிருந்து ஓர் இளைஞன் அதை வாங்க வந்தான். மதில்மேல் இருந்த காக்கையைச் சோதனைக்கு ஒரு படம் எடுத்தான். படம் இறகு இறகாகத் தெளிவாக விழுந்திருந்தது. அப்பா அதை நெடுநேரம் பார்த்தார். "லென்ஸுல ஒரு குறையும் இல்லீங்க தம்பி, எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அந்தச் சனிக்கிழமை அப்பா வீட்டில் இருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். டிவியைக்கூடப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நகம் வெட்டவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து நகவெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என்னை மடியில் உட்காரவைத்து என் பத்து விரல்களுக்கும் நகம் வெட்டிவிட்டார். ஓரிடத்தில்கூடச் சதையில் படவில்லை. அவர் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.